எல்லாம் பிரேம்தான்!

“நூறு டிகிரியத் தொட்டுருச்சு! கை வச்சாலே சுடுது. இப்பவே தொறந்து பாத்துரணும்” என்றாள் பிரவீணா.

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். “யாருக்குடி காய்ச்சல்?”

“கம்ப்யூட்டருக்கும்மா.”

பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்த தோழி காளீஸ்வரி சிரித்துவிட்டாள். அவள் வந்திருந்ததால் அன்று வீட்டில் எல்லோரும் தமிழில்தான் பேசினார்கள்.

அருப்புக்கோட்டையில் துண்டு நெய்கிற வீடு அது. தறிகள் ஓடும் கூடத்தின் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதை அங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்பது அன்று மாலை தெரிந்துவிடும்.

“இன்னைக்கும் தோத்தீகன்னா அதத் தூக்கிட்டு அங்கன நூல் தார் சுத்துற மெஷின வச்சிருவேன்” என்று அப்பா சௌடையா சொல்லிவிட்டார். “ஜெயிச்சா, சென்னைக்குக் கடைசிச் சுத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.”

இரண்டு பேர் ஒரு அணி. ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டுப் போட்டி. பிரவீணாவும் அண்ணன் நாகேந்திரனும் யாரையும் ஜெயிப்பார்கள், சோலாப்பூர்ப் பையன்களைத் தவிர. அவர்களிடம் மட்டும் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இன்று அவர்களோடுதான் மோதல்.

அண்ணனோ துண்டு லோடோடு ஈரோட்டுக்குப் போய்விட்டான். அவனுக்குப் பதிலாகத்தான், பி.எஸ்சி. கூடப் படித்த காளீஸ்வரி தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சாலும் நேரா அங்கயே வந்து சுடுறானுகடி. நான் திரும்புறதுக்குள்ள செத்துருவேன்” என்றாள் பிரவீணா.

“எப்படிடி?”

“பிரேம் பத்தல. ஒரு செகண்டுக்குத் திரையில எத்தனை படம் வருதோ அத்தனை பிரேம். அவனுகளுக்கு எரநூறு வருதுபோல. எனக்கு நாப்பத்தஞ்சு. அவனுக என்னயப் பாத்து முடிச்ச பெறகுதான் நான் அவனுகளப் பாக்குறேன்.”

பிரவீணா பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே விசிறியைக் காணோம். பஞ்சுதான் தெரிந்தது.

“ஒரு தலகாணிக்குத் தேறும்” என்றாள் காளீஸ்வரி.

தறியைத் துடைக்கும் பிரஷால் பஞ்சை வழித்தெடுத்தார்கள். பிராசஸருக்கு மேல் காய்ந்துபோயிருந்த, சூடு கடத்தும் பசையைச் சுரண்டிவிட்டு, பிரவீணா புதுப் பசையை ஒரு பொட்டு வைத்தாள்.

“காய்ச்சலுக்குத் தைலம் போடுறீகளோ?” என்றார் அப்பா, தறியை விட்டு நகராமலே.

அடுத்து மெமரிப் பட்டைகள். பக்கத்துப் பக்கத்தில் செருகியிருந்த இரண்டையும், பந்தியில் சண்டைக்காரர்களைப் பிரித்து உட்காரவைப்பதுபோல், ஒரு இடம் விட்டு மாட்டினாள்; அப்போதுதான் வேகம் கூடும். பெட்டியை மூடிப் போட்டுப் பார்த்தாள்.

எழுபது பிரேம். நூற்றுப் பத்து. நூற்றைம்பது!

பிரவீணா போட்ட சத்தத்தில், நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா, “பேய் கீய் புடிச்சிருச்சா?” என்றாள். பிரவீணா அம்மாவைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மாலையில் அப்பா தறிகளை நிறுத்தினார். ஆட்டம் தொடங்கியது.

பிரவீணாவுக்கு ஒரே ஒரு கவலைதான். அண்ணன் என்றால் தெலுங்கில் படபடவென்று சொல்லிவிடுவாள். காளீஸ்வரிக்குத் தெலுங்கு தெரியாது. அவசரத்தில் தமிழ் வாயில் வரவேண்டுமே!

“காளி, நான் தொட்டிக்குப் பின்னாடி! நீ மாடிக்கு ஏறு! மாடி... மாடிடி!”

“ஏறிட்டேன், கத்தாதடி!”

இந்த விளையாட்டில் பக்கத்தில் வந்தால் எதிரியின் பேச்சும் காதில் விழும். சோலாப்பூர்ப் பையன்கள் இந்தியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டே தொட்டியைத் தாண்டிப் போனார்கள். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பிரவீணா சுட்டாள். ஒருவன் விழுந்தான்.

“குருட்டுக் கோழி மாதிரி சுத்துறானுகடி!” என்று கத்திக்கொண்டே காளீஸ்வரி மாடியிலிருந்து அடுத்தவனை வீழ்த்தினாள். அவளுடைய லேப்டாப்பில் முப்பது பிரேமுக்கு மேல் வந்ததே இல்லை.

அடுத்த சுற்றிலும் அதே கதை. அதற்கடுத்த சுற்றிலும் அதே. திரையில் ‘வெற்றி’ என்று வந்ததும் காளீஸ்வரி பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தாள். பிரவீணா வழித்துவைத்த பஞ்சை அள்ளி எல்லோர் தலையிலும் பூவாகத் தூவினாள்.

“அப்ப, இத்தனை நாள் தோத்ததுக்கெல்லாம் இந்தப் பஞ்சுதான் காரணமா?” என்று கேட்டார் அப்பா. அவர் மீசையிலும் கொஞ்சம் பஞ்சு இருந்தது.

“பின்ன? எல்லாம் பிரேம்தாம்ப்பா! அண்ணன் நான் சொன்னா நம்பல. வரட்டும், இருக்கு அவனுக்கு. சென்னைக்குப் போறதுக்குள்ள இன்னொரு விசிறி மாட்டி எரநூறாக்கிக் காட்டுறேன்!”

அப்போது ஸ்பீக்கரில் சோலாப்பூர்ப் பையன் ஒருவனின் குரல் வந்தது. தோற்ற கோபம் இல்லை. ஏதோ சந்தேகம் கேட்பதுபோல் இருந்தது.

பிரவீணாவின் கை அப்படியே நின்றது. அம்மா கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டாள். அப்பாவுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது.

அந்தக் கூடத்தில் அது புரியாத ஒரே ஆள் காளீஸ்வரிதான். “என்னடி சொல்றான்?” என்று பெஞ்சிலிருந்து இறங்கிவந்தாள்.

“‘அக்கா, இன்னைக்கு ஏன் தெலுங்குல பேசல?’ன்னு தெலுங்குலயே கேக்குறான்டி.”