கண்ணாடிக்குள் ஒரு போர்வை

"அந்தப் போர்வையை முதல்ல வெளியில எடுங்க!"

கைவினைக் கண்காட்சிக்கு வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் ஓடி வந்தார்.

"அம்மா, சத்தம் போடாதீங்க. முதல் பரிசு வாங்கினது அது."

"போர்வைன்னா போர்த்திக்கணும். அதைச் சுவத்துல மாட்டி, மேல கண்ணாடி வேற!"

"மகனோட பள்ளிக்கூடச் சட்டைகளை வெட்டி ஒரு தாய் தைச்சதும்மா. கீழே எழுதியிருக்கே, படிக்கலையா? அவங்க இப்ப உயிரோட இல்ல. திறப்பு விழாவுல மகன் அதைச் சொன்னப்ப இங்க அழாத ஆளே கிடையாது."

"அழுதாங்களாக்கும்!"

மேலாளருக்கும் கோபம் தலைக்கேறியது. "செத்தவங்க விஷயத்துல கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க!"

பார்வையாளர்கள் கருத்து எழுதும் குறிப்பேட்டை எடுத்து அவள் முன்னால் தள்ளினார்.

"உங்க ஆத்திரத்தையெல்லாம் இதுல கொட்டுங்க. சாயங்காலம் அந்த மகனே வந்து படிப்பார்."

பக்கம் பக்கமாக அனுதாபம். அவள் பேனாவைப் பிடுங்கி, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள்:

'துவைச்சுத் தர்றேன்னு சொல்லித்தானேடா எடுத்துட்டுப் போனே? மூணு வாரமா குளிர்ல நடுங்குறேன். மரியாதையா என் போர்வையைக் கொண்டுவந்து கொடு.

இப்படிக்கு,
செத்துப்போன உன் அம்மா.'