கையெழுத்துப் போட்ட கார்

வேலை முடிந்து வந்த வெர்னனின் கண்கள் சிவந்திருந்தன. விரல்களில் கறுப்பு மை.

"கார்ல கையெழுத்துப் போட்டீங்களா எல்லாரும்?" என்று கேட்டாள் மனைவி டார்லீன்.

"ஆமா."

கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன அமெரிக்க நகரமான பிளின்ட்டில் வளர்ந்த அவளுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கார் தொழிற்சாலையை மூடும்போது, கடைசியாக வெளிவரும் காரில் தொழிலாளிகள் எல்லோரும் பெயரெழுதி வழியனுப்புவார்கள். அவள் அப்பாவும் அண்ணனும் இப்படித்தான் மை விரலோடு வீடு வந்தார்கள்.

"டார்லீன், நான் சொல்றத..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றவள், டென்னசியில் இருந்த அக்காவுக்குப் போன் போட்டு, "நாங்க அங்கயே வந்துடறோம்கா" என்று சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "நஷ்டம் நஷ்டம்னாங்க, மூடிட்டாங்க. வீட்டை வித்துடலாம்."

"கொஞ்சம் பேச விடுறியா? அது கடைசி கார் இல்ல. சோதனைக்குப் பண்ணிட்டு இருந்தோமே, அந்தப் புது மாடல்ல முதல் கார். இங்கயே செய்யலாம்னு கம்பெனி இன்னிக்குத்தான் சொல்லுச்சு. அந்த சந்தோஷத்துல எல்லாரும் அதுல கையெழுத்துப் போட்டோம்."

"அப்ப ஏன் அழுத?"

"யாரு அழுதா? காருக்கு அடியிலதான் எழுத இடம் கிடைச்சுது. கண்ணுல தூசி."

அவன் தோளில் ஒரு குத்து விட்டுவிட்டு அவள்தான் அழுதாள்.

"அக்காகிட்ட வர்றோம்னு சொல்லிட்டேனே."

"போவோம். போயிட்டுத் திரும்பி வருவோம்."