பத்துக்குப் பத்து

"ஏழாவது பாட்ட எவம்லே கேக்கான்? ஆறு முடிஞ்சதும் எல்லாவனும் எட்டுக்குத் தாவிருதான்" என்றான் அருண்பாண்டி.

 இசக்கிதுரை குத்துக்கல்வலசையில் தன் டூவீலர் ஒர்க்‌ஷாப்பின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, செல்போனை ஸ்டூல் மேல் வைத்துக் காத்திருந்தான்.

அருண்பாண்டி டிரம்ஸ், இசக்கிதுரை பாட்டு. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு 'கல்வெட்டாங்குழி' என்று ஒரு ஹெவி மெட்டல் பேண்ட். தகரக் கடைக்குள் மாடு புகுந்த சத்தம் என்பார்கள் சொந்தக்காரர்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். எட்டுப் பாட்டில் மற்றதெல்லாம் ஓரளவு ஓடியது. 'மடை' என்ற ஏழாவது பாட்டை மட்டும் யாரும் சீண்டவில்லை. இசக்கிதுரை தானே எழுதி, கீழப்பாவூர் வயலில் தண்ணீர் திறந்ததும் அவன் அப்பா குரல் கொடுப்பதைப் போலவே உறுமிப் பாடிய பாட்டு அது ஒன்றுதான்.

இன்று அதற்கு மார்க். தென்காசி ஆதம் நடத்தும் 'விட்டுப்போன பாட்டு' குழுவில், மெட்டல் ரசிகர்கள் ஞாயிறு சாயங்காலம் போனில் கூடி, யாரும் கண்டுகொள்ளாத பாட்டு ஒன்றை எடுத்துப் பத்துக்கு இத்தனை என்று ஆளுக்கொரு மார்க் போட்டுச் சராசரி எடுப்பார்கள்.

"ஆறு வரலேன்னா அடுத்த ஆல்பத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க. நான் ஒதுங்கிக்கிடுதேன்" என்று இசக்கிதுரை முன்பே சொல்லியிருந்தான். எல்லாம் வீம்பு. சொன்னதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

'மாடன்' என்று பொய்ப் பெயரில் இருவரும் உள்ளே நுழைந்து, மூச்சுக் காட்டாமல் கேட்டார்கள்.

"கிடார் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப மெதுவா போவுது. எங்க பண்பொழி மலைப்படி ஏறுத மாதிரி இருக்கு. நாலு" என்றாள் சத்யபிரியா.

"நடுவுல ஒருத்தரு வயக்காட்டுல ஆளக் கூப்பிடுத மாதிரி ஏஏய்ங்காரு. அது எந்த ஊரு மெட்டல்? அஞ்சு" என்றான் செங்கோட்டை ஜெபஸ்டின்.

பெங்களூரிலிருந்து சிவசுப்பிரமணியன் ஆறு போட்டார். அதுவும் டிரம்ஸுக்காக. அருண்பாண்டி வெட்கமில்லாமல் சிரித்தான். ஆதம் தன் பங்குக்கு அஞ்சு.

"இனி அந்த அனன்யாப் பொண்ணு ஒண்ணுதான் பாக்கி. அது பத்துக்குப் பத்து போட்டாத்தாம்லே ஆறு வரும். கடைய அடை, வீட்டுக்குப் போவோம்" என்றான் அருண்பாண்டி.

 இசக்கிதுரைக்கு அப்பாவின் குரலையே ஊர் கூடி வேண்டாம் என்றதுபோல இருந்தது.

"அனன்யா, ஒங்க மார்க்கு?" என்றான் ஆதம்.

அவள் மைக் திறந்தது. முதலில் ஏதோ பாத்திரம் உருளும் சத்தம். பிறகு வயதான ஓர் அம்மாளின் குரல், ஸ்டூல் அதிரும்படி: "பத்து! பத்து! எத்தனை தடவை சொல்றது, பத்து!"



"அனன்யா, யாரு அது? ஒங்க அம்மாவா?" என்றான் ஆதம்.

"ஆமா... அம்மாதான்."

"அவங்களும் நம்ம பாட்டக் கேக்காங்களா? அப்ப பத்துன்னே போட்டுக்கிடட்டா?"

அனன்யா வாய் திறப்பதற்குள் இசக்கிதுரை பொய்ப் பெயரை மறந்து போனைத் தூக்கிவிட்டான். "அந்தப் பாட்டப் பாடினவன் நான்தாம்மா. இன்னையோட விட்டுரலாம்னு இருந்தேன். ஒங்க அம்மாட்ட சொல்லுங்க, நான் விடமாட்டேன்." அதற்கு மேல் குரல் உடைந்துவிட்டது.



"போட்டுக்கோங்கோ" என்றாள் அனன்யா, மெல்ல.

அடுத்த சீசனில் குற்றாலத்தில் ஆதமே முன்னின்று ஒரு மேடை போட்டுக் கொடுத்தான். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தவர்களும் கூட்டத்தில் நின்றார்கள். கடைசிப் பாட்டு 'மடை'. இசக்கிதுரை "ஏஏய்" என்று குரல் கொடுத்தபோது மைதானமே திரும்பக் குரல் கொடுத்தது.

பாட்டு முடிந்து அவன் மேடையோரம் வந்தான். ஆதம் ஓர் அம்மாளைக் கூட்டிவந்து நிறுத்தினான்.

"இவங்கதாம்லே அகிலாண்டம் அம்மா. இது அனன்யா."

இசக்கிதுரை மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டான். "ஒங்க பத்துதாம்மா என்னைய இங்கன நிறுத்திருக்கு. அன்னைக்கு அதட்டி மார்க்குப் போட்டீங்களே."

"நானா? என்ன மார்க்குப்பா?"

அனன்யா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, போலாம் வா."

"இருடீ. ஞாயித்துக்கிழமை, நீ போனை வச்சுண்டு சாப்பிட்டியே, அன்னிக்கா?" அகிலாண்டம் சிரித்துவிட்டார். "அது மார்க் இல்லப்பா. சாதம் பிசைஞ்ச கையோட இவ ஊறுகா ஜாடியைத் தொட்டா. எச்சல், பத்து எதுவும் பாக்கறதில்லை. சாதம் பட்ட கையோட மத்ததைத் தொட்டா எங்காத்துல அதைப் பத்துன்னுவோம். அதான் 'பத்து! பத்து! எத்தனை தடவை சொல்றது, பத்து!'ன்னு இவளை அதட்டினேன்."

இசக்கிதுரைக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"சாரிண்ணா. உங்க குரல் உடைஞ்சதைக் கேட்டப்புறம் இல்லைன்னு சொல்ல மனசு வரலை" என்றாள் அனன்யா.

கக்கத்தில் இருந்த மைக்கை அணைக்கவே இல்லை என்பது, சாரலில் நனைந்துகொண்டு நின்ற அத்தனை கூட்டமும் "பத்து! பத்து! எத்தனை தடவை சொல்றது, பத்து!" என்று கத்த ஆரம்பித்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.