கோயில் பெயரில் வந்த வண்டிகள்

ஜெசிந்தாவின் கல்யாணத்துக்குக் கிளம்பிய உறவினர்கள் எல்லோரும் ஒரு சோபா கடை வாசலில் வந்து இறங்கினார்கள். அழைப்பிதழில் இருந்த, வண்டிக்கு வழிசொல்லும் இணைய இணைப்பு பங்குக் கோயில் பெயரில்தான் தொடங்கியது. அதன் வாலில் யாரோ கடையின் முகவரியை ஒட்டிவிட்டிருந்தார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டிகள் பெயரை நம்பிக் கிளம்பி, வால் காட்டிய இடத்துக்கு வந்துவிட்டன.

"மக்களே, கோயில் எங்க? பூசை தொடங்கப் போவுதே!" என்று பதறினார் மணப்பெண்ணின் பெரியம்மா.

"பெனிட்டா, எல்லாரையும் சோபால உக்காரச் சொல்லு. நல்லாருக்கான்னு பாக்கட்டும்," என்றார் கடை முதலாளி.

"பொண்ணு அங்க ஒத்தையில நிக்கும் சார்," என்று சொல்லிவிட்டு, விற்பனைப்பெண் பெனிட்டா வெயிலில் இறங்கினாள். ஒவ்வொரு வண்டியிலும் கோயில் முகவரியைத் தானே பதித்து அனுப்பினாள். முதலாளி முறைத்துக்கொண்டே நின்றார்.

பூசை தாமதமாகத்தான் தொடங்கியது. ஆனால் கோயில் நிறைந்திருந்தது.

கோயில் பெயரில் வரும் இணைப்பு இனிமேல் கோயிலுக்கும் மண்டபத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் மட்டுமே வண்டியைக் கொண்டுபோகும்படி பங்குத்தந்தை அன்றே ஏற்பாடு செய்தார். பெரியம்மா நடந்ததைச் சொல்லக் கேட்ட ஜெசிந்தா, மாலையும் கழுத்துமாகப் பங்குத்தந்தையிடம் ஓடினாள்.

"இன்னும் ஒரு இடம் சேக்கணும் ஃபாதர். பெனிட்டா அக்கா வீடு. விருந்துக்கு அவங்கள கூப்பிட வண்டி போகணும்."