ஐஸில் வைக்காத சிப்பி

"ஐஸ்ல வச்சது வேண்டாம். இப்ப பிடிச்சது இருக்கா?"

மூன்றாவது ஓட்டலிலும் இரும்புக்கடைக்காரர் இதையே கேட்டார். வாயால் பாதி, கையால் மீதி. ஓட்டல்காரன் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினான். ஐஸ் மேல் சிப்பிகள் சமத்தாகப் படுத்திருந்தன. இவர் குனிந்து, மரை தேய்ந்த குழாயைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வா, போலாம்."

அவர் மனைவி நகரவில்லை.

"ஏங்க, இதுவும் சிப்பிதானே? இதுக்கு என்ன குறைச்சல்?"

"பழசு."

"நீங்க மட்டும் புதுசாக்கும்."

அவர் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். அவளும் செருப்பை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வேறு வழி?

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கேயும் போனதில்லை என்று மகள்தான் இருவரையும் இந்தச் சொகுசுக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தாள். காலையில் கப்பல் பாஷை தெரியாத இந்த ஊரில் நின்றது. கூட வந்தவர்கள் எல்லாரும் ஏசி பஸ்ஸில் ஏறி ஊர் சுற்றப் போனார்கள். அவளும் பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள். பின்னாலிருந்து கையைப் பிடித்து இழுத்தார் மனுஷன்.

"எங்கே?" என்றதற்கு ஒரே வார்த்தை. "சிப்பி."

வீட்டில் மீன் வைத்தாலே முள்ளுக்குப் பயந்து ஓரம் ஓரமாகக் கிள்ளித் தின்கிறவர். கப்பல் ஏறியதும் நாக்கு இவ்வளவு நீண்டுவிட்டதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கப்பல்லயே தட்டு தட்டா சிப்பி வச்சிருந்தாங்களே. அப்ப சாப்பிட்டிருக்கலாம் இல்ல?"

"அது ஐஸ்ல வச்சது."

"நாமளும் ரெண்டு நாளா ஏசியிலதான் கிடக்கோம். கெட்டா போயிட்டோம்?"

அவர் நடையை எட்டிப் போட்டார். தெருமுனையில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் போய், இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து மூடித் திறந்து காட்டினார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எதிர்க்கடையைக் காட்டினாள்.

உள்ளே போனால் முத்து நகைக்கடை. விற்பனைப் பெண் வெல்வெட் தட்டில் ஒரு மாலையைக் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக மனைவியின் முகம் மலர்ந்தது. இவரோ முத்தைத் தொட்டு, "இது இல்லம்மா, சதை, சதை" என்று வாயை அசைபோட்டுக் காட்டினார். முத்தைத் தின்ன வந்திருக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் மனைவி வெடித்தாள்.

"பொண்டாட்டி கழுத்துக்கு ஒண்ணுமில்ல, உங்க வயித்துக்கு மட்டும் இப்ப பிடிச்சது வேணும். நாலு மணிக்கு ஏறலைன்னா விட்டுட்டுப் போயிடுவோம்னு மைக்ல கத்தினான். காதுல விழுந்துச்சா? பாஸ்போர்ட் கப்பல்ல, என் பிரஷர் மாத்திரை கப்பல்ல. போயிடுச்சுன்னா இந்தத் தெருவிலயே உக்காந்து சிப்பி பொறுக்க வேண்டியதுதான்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் தொங்கிப் போனது.

"சரி, திரும்பிடலாம்."

ஜெயித்த பிறகும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. துறைமுகம் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கப்பல் நின்றிருந்தது. அதன் அருகிலேயே, சுவருக்குப் பின்னால், ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருத்தி சின்னப் படகிலிருந்து ஒரு சாக்கை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொட்டியது. சாக்கு நிறையச் சிப்பி.

இரும்புக்கடைக்காரர் அந்த வயதுக்கு ஓடக்கூடாத ஓட்டம் ஓடினார்.

"இப்ப பிடிச்சதா?"

படகுக்காரி கடலைக் காட்டினாள். கத்தியை நுழைத்து ஒவ்வொன்றாகத் திறந்து, தட்டில் அடுக்கி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிவந்து மனைவி முன்னால் நீட்டினார்.

"சாப்பிடு. ஏற இன்னும் நேரமிருக்கு."

"நானா? காலையிலேருந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அலைஞ்சது யாரு?"

"எனக்கெதுக்கு? பார்த்தாலே குமட்டுது."

"பின்ன?"

"முந்தாநாள் சாப்பாட்டு மேஜையில அந்தப் பல் டாக்டரம்மா சிப்பித் தட்டை உன் பக்கம் தள்ளினாங்களே. நீதானே சொன்னே, 'சிப்பின்னா எனக்கு உயிரு, ஆனா ஐஸ்ல வச்சதைத் தொட மாட்டேன், அப்ப பிடிச்சதாத்தான் இருக்கணும்'னு?"

சொன்னாள்தான். ஜென்மத்தில் சிப்பியைத் தொட்டதில்லை. தட்டில் கொழகொழவென்று கிடந்ததைப் பார்க்கவே பிடிக்கவில்லை. டாக்டரம்மா முன்னால் பட்டிக்காடு ஆகிவிடக்கூடாதே என்று வாயில் வந்ததை அளந்துவிட்டு, ஐஸ்கிரீம் வருவதற்குள் மறந்தும் போனாள்.

"எப்ப கேட்டாலும் 'எனக்கு எதுவும் வேண்டாம்'பே," என்றார் அவர், சிப்பியைப் பார்த்துக்கொண்டே. "உனக்கு ஒண்ணு பிடிக்கும்னு சொல்லி நான் கேட்டதே அன்னைக்குத்தான். எதுக்குத் தேடறேன்னு முன்னாடியே சொன்னா வேண்டாம்னுடுவே. அதான் சொல்லலை."

அவள் ஒரு சிப்பியை எடுத்தாள். உள்ளே அது லேசாக நடுங்கியது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் கவிழ்த்தாள். உப்பும் புளிப்புமாக, பெயர் சொல்ல முடியாத எதுவோ ஒன்று தொண்டையில் தயங்கி நின்றுவிட்டு, மனசில்லாமல் இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கா?"

"தட்டை இப்படிக் குடுங்க," என்றாள் அவள். "மிச்சம் எல்லாமும் எனக்குத்தான்."