நந்தாவின் பதில்

"வேலைய உடுறேண்டு ஒரு சொல்லு செல்லுங்க மகள். நோன்புக்கு முந்தியே நிக்காஹ வச்சிருவோம்."

சோபாவில் சாய்ந்தபடி மஸாஹிரா சொன்னார். கல்யாண நாள் குறிப்பதற்காக மகன் றிகாஸோடு கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்தார். ஸும்றாவின் வீடு வெள்ளவத்தையில், நாலாம் மாடியில். லிஃப்ட் வேறு பழுது. ஏறி வந்த மூச்சு வாங்கி முடியுமுன்பே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

ஸும்றா வாயைத் திறக்கப் போனாள். அவளுடைய உம்மா ரபீக்கா முந்திக்கொண்டார்.

"அவக்குத் தொண்டை சரியில்ல மதினி. கதைக்க ஏலா."

அது பச்சைப் பொய். காலையிலேயே உம்மா மகளிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார். "அவங்க போற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க மகள். ஒங்கட வாய்க்குப் பயந்து ரெண்டு சம்பந்தம் ஓடிட்டு. இதுவும் போனா எனக்குத் தாங்க ஏலா."

அதனால்தான், தொண்டைக்கு ஒன்றுமேயில்லாத ஸும்றா, ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணியோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

றிகாஸை இழக்க அவளுக்கு மனமில்லை. அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வேலையை விடுவதென்பது நடக்காத காரியம். வேடிக்கை என்னவென்றால், சம்பந்தம் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இந்த மாமி, எப்போது வேலையை விடுவாய் என்று கேட்டாரே தவிர, என்ன வேலை என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"அடக்கமான புள்ள" என்று திருப்திப்பட்டுக்கொண்ட மஸாஹிரா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார். "அல்லாஹ், நேரமாகிட்டு! டீவியப் போடுங்க. நான் பள்ளிக்கூடம் போற காலத்துல பார்த்த சிங்களப் படம் ஒண்டு. இண்டைக்குத் தமிழ்ல போடுறாங்க. நீங்களும் பாருங்க மகள். ஒங்களுக்குத்தான் பாடம்."

றிகாஸ் ரிமோட்டை எடுத்தான். ஸும்றாவின் பக்கம் திரும்பாமலே சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

படத்தில், கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனி. அங்கே டைப் அடிக்கும் மூன்று பெண்கள், வாடகைக்கு எடுத்த ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஒருத்தி முதலாளியை நம்பிக் கெட்டாள். இன்னொருத்தி களனி கங்கையில் விழுந்தாள்.

"பார்த்தீங்களா? ஒஃபிஸுக்குப் போன பொம்புளப் புள்ளைகட முடிவு இதுதான்."

ஸும்றாவின் நாக்கு துறுதுறுத்தது. ரபீக்கா கண்ணாலேயே அதட்டினார். ஸும்றா கொத்தமல்லித் தண்ணியோடு சேர்த்துக் கோபத்தையும் விழுங்கினாள்.

"உம்மா, அவ கங்கைல விழுந்தது ஒஃபிஸுக்குப் போய் இல்ல. காதலிச்சவன் ஏமாத்தினதால" என்றான் றிகாஸ்.

"நீங்க சும்மா ஈங்க" என்று மகனின் வாயை அடைத்தார் மஸாஹிரா.

மூன்றாமவள் நந்தா. செத்துப்போன தோழியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதபோது, மஸாஹிராவும் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

"என்ன கொரல் பாருங்க மதினி! தேன்! இப்படி ஒரு கொரல் வாழப் போற வீடு குடுத்து வச்ச வீடு."

தேநீர் குடித்துக்கொண்டிருந்த ரபீக்காவுக்குப் புரை ஏறியது. ஸும்றா எழுந்து உம்மாவின் தலையில் தட்டிக்கொடுத்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. மஸாஹிரா சோபாவின் விளிம்புக்கே நகர்ந்துவிட்டார்.

"இப்ப பாருங்க மகள். வேலையா நானா எண்டு மாப்பிள கேப்பான். நந்தா ஜன்னல் பக்கம் திரும்பி, 'வேலையை விட்டுடுறேன்' எண்டு செல்லுவா. அவன் சிரிப்பான். தியேட்டர்ல நாங்க எல்லாரும் அழுதோம்."

மாப்பிள்ளை கேட்டான். நந்தா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளுடைய கொண்டை மட்டுமே தெரிந்தது.

"வேலையை விடமாட்டேன். நான் வேணுமென்றால், என் வேலையோடு சேர்த்துக் கூட்டிப் போங்க. இல்லாவிட்டால், கதவு திறந்துதான் இருக்கு."

மாப்பிள்ளை பூரித்துப்போய்ச் சிரித்தான். பாவம், அவன் வேறு என்ன செய்வான்? அந்தக் காலத்திலேயே சிரித்து முடித்துவிட்டானே. படமும் முடிந்தது.

"பொய்! பச்சப் பொய்!" மஸாஹிரா துள்ளி எழுந்தார். "அவ அப்படிச் செல்லவே இல்ல! வேலைய உடுறேண்டுதான் சென்னா. என்ட காதால கேட்ட நான்!"

"உம்மா, பின்பக்கம் காட்டிட்டுத்தானே நிக்கிறா? வாய் அசையிறது தெரியாது. தமிழ்ல கொரல் குடுக்கிறவ அந்த எடத்துல என்னத்தையும் செல்லலாம்" என்றான் றிகாஸ்.

"எவ அவ? அவட வாயத் தைக்கோணும்! குடும்பப் புள்ளைகளக் கெடுக்கிறதுக்கெண்டே வந்திருக்கா!"

கோபம் அடங்காமலே மஸாஹிரா ஸும்றாவின் பக்கம் திரும்பினார். "அவள உடுங்க. நீங்க செல்லுங்க மகள். தொண்டை வலிச்சாலும் பரவால்ல, இண்டைக்கு எனக்கு ஒங்கட வாயால ஒரு பதில் வேணும். வேலைய உடுறீங்களா, இல்லையா?"

ரபீக்கா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஸும்றா றிகாஸைப் பார்த்தாள். அவன் இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. மெல்லத் தலையசைத்தான்.

ஸும்றா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வேலையை விடமாட்டேன், மாமி. நான் வேணுமென்றால், என் வேலையோடு சேர்த்துக் கூட்டிப் போங்க."

அதே குரல்! நந்தா இன்னும் பேசுகிறாளோ என்று மஸாஹிரா திடுக்கிட்டு டீவியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சவர்க்கார விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"குடுத்து வச்ச வீடு, உம்மா" என்றான் றிகாஸ்.