பெரியவரின் சுருதி

"இன்னும் மெதுவா. சுருதியும் இறங்கணும்," என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பாடகர்களிடம் மைக்கில் சொன்னார் குழுத் தலைவர்.

ஒலிப்பதிவுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றினார். "சார், இது நன்றி சொல்ற துதிப்பாட்டுதானே? எழவு வீட்டுல பாடற மாதிரி இருக்கே."

"இதுதான் பக்தி. பழைய கேசட்ல இப்படித்தான் இருக்கு. பாட்டை அறிவிக்கிற பெரியவரோட கனத்த குரலைக் கேட்டாலே சிலிர்க்கும். இருபது வருஷமா வீட்டுல தினமும் போட்டுக் கேக்கறேன். இம்மிகூட மாத்த மாட்டேன்."

அந்தச் சுருதிக்குக் குரல் இறங்கவில்லை என்று மூன்று பெண்களை அவர் குழுவிலிருந்து நீக்கியிருந்தார். ஒருத்தி அவர் மனைவி. இப்போது ஃபிளாஸ்க்கும் கையுமாக மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"கேசட் இருக்கா சார்?"

தலைவர் சட்டைப்பையிலிருந்து பயபக்தியோடு எடுத்துக் கொடுத்தார். ஒலிப்பதிவுக்காரர் தன் மெஷினில் போட்டார்.

முதலில் பெரியவரின் அறிவிப்பு வந்தது. பெண் குரலில்.

பிறகு பாட்டு, மேல் சுருதியில், துள்ளிக்கொண்டு வந்தது. மனைவி தன்னையறியாமல் கூடவே பாடினாள். ஒரு இடத்திலும் பிசகவில்லை.

பாட்டு முடிந்தது.

"நம்ம டேப் ரெக்கார்டர்ல பெல்ட் தொளதொளன்னு ஆயிடுச்சு, டேப் மெதுவா ஓடுது, மாத்துங்கன்னு கல்யாணமான புதுசுலயே சொன்னேன்," என்றாள் மனைவி.

தலைவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒலிப்பதிவுக்காரரின் தோளில் கை வைத்தார்.

"தம்பி, உங்க மெஷின் தாறுமாறா ஓடுது. முதல்ல அதை ரிப்பேர் பண்ணுங்க."